ஜனங்கள் மேல் சுமத்தப்படும் பழி

பூமியில் ஜனங்கள் மிக அதிகமாக வசிக்கும் நகரம் எது என்று கேட்டால், டோக்கியோ என்றே நெடுங்காலமாக விடை சொல்லி வந்தோம். 2025-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை, நாட்டுக்கு நாடு வேறுபட்டிருந்த நகர எல்லைக் கணக்குகளை விட்டு, எல்லாத் தேசங்களுக்கும் பொதுவான ஓர் அளவுகோலைக் கொண்டு எண்ணிப் பார்த்தபோது, ஏறக்குறைய 4 கோடியே 20 லட்சம் பேருடன் இந்தோனேஷியாவின் ஜகார்த்தா முதலிடத்துக்கு வந்தது. டாக்கா இரண்டாவதாகவும், சுமார் 3 கோடியே 30 லட்சம் பேருள்ள டோக்கியோ மூன்றாவதாகவும் நின்றன. 1975-இல் ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜனத்தொகை கொண்ட மகாநகரங்கள் உலகத்தில் 8 மட்டுமே, இப்போது 33. இத்தகைய கணக்குகளை வாசிப்பவர்களில் பலர், இத்தனை பேர் ஓரிடத்தில் வந்து குவிந்தால் நகரம் நாசமாகத்தானே செய்யும் என்று பெருமூச்சு விடுகிறார்கள். அந்த அபிப்பிராயம் அநியாயமானது என்பது என் உறுதியான கருத்து.

ஜாவாத் தீவின் வடகரையில், 13 நதிகள் பாய்ந்து கடலை அடையும் சதுப்பு நிலத்தில், 1619-இல் டச்சுக்காரர்கள் பட்டேவியா என்ற பெயரில் நிர்மாணித்த ஜகார்த்தா, இன்று வருஷந்தோறும் பூமிக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. அதன் வடபகுதியில் 1970-களிலிருந்து 4 மீட்டர் வரை தாழ்ந்துவிட்ட இடங்கள் உண்டு. நகரத்தின் சுமார் 40 சதவீதம் கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. முவாரா பாரு என்னும் துறைமுகப் பகுதியில், ஒரு காலத்தில் தொழுகை நடந்த மசூதி ஒன்று கைவிடப்பட்டு, தடுப்புச் சுவருக்கு வெளியே கடல்நீரில் பாதி முழுகி நிற்கிறது. சமுத்திரம் பொங்கி வருவதால் வந்த வினை இது என்று பலர் எண்ணுகிறார்கள். கடல் ஏறுவது உண்மையே. ஆனால் அது வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் ஏறுகிறது, தரையோ பல இடங்களில் சென்டிமீட்டர் கணக்கில் இறங்குகிறது.

அந்த நகரத்துக்கு அடியில் கிடப்பது மென்மையான களிமண். அதன் துகள்களுக்கு இடையே தங்கியிருக்கும் ஜலமே மேலேயுள்ள பாரத்தில் ஒரு பங்கைத் தாங்குகிறது. ஆழ்குழாய்கள் வழியாக அந்த ஜலத்தை இடைவிடாமல் உறிஞ்சினால் களிமண் அமுங்குகிறது, அமுங்கிய களிமண் பிறகு எத்தனை மழை பெய்தாலும் பழைய நிலைக்கு நிமிர்வதில்லை. ஜனங்கள் ஏன் உறிஞ்சுகிறார்கள்? டச்சு ஆட்சியில் குழாய் நீர் முதன்மையாக ஐரோப்பியர் வசித்த வீதிகளுக்கே போயிற்று. கம்போங் என்று சொல்லப்படும் குடிசைப் பகுதிகள் கிணற்றையும் ஆற்றையும் நம்பியிருந்தன. சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தக் குறை தீரவில்லை. 1998 முதல் 25 வருஷம் குடிநீர் விநியோகத்தைத் தனியார் கம்பெனிகளிடம் ஒப்படைத்துப் பார்த்தும் தீரவில்லை. தொழிற்சாலையும் ஹோட்டலும் அடுக்குமாடிக் கட்டடமும் தமக்கென்று ஆழத்தில் துளையிட்டுக்கொள்ள, அதற்கு வசதியில்லாத ஏழைக் குடும்பம் தள்ளுவண்டிக்காரரிடம், குழாய் வைத்திருப்பவர் கொடுக்கும் விலையைவிடப் பன்மடங்கு அதிகம் கொடுத்துத் தண்ணீர் வாங்குகிறது. இதில் ஜனத்தொகையின் குற்றம் எங்கே இருக்கிறது?

டோக்கியோவுக்கும் இதே கதி நேர்ந்திருந்தது. அதன் கிழக்கேயுள்ள கோத்தோ வட்டாரத்தில், சென்ற நூற்றாண்டில் தரை அதிகபட்சமாக நாலரை மீட்டர் இறங்கியது. இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதியில் குண்டுவீச்சால் ஆலைகள் அழிந்து, அவற்றின் பம்புகள் நின்றபோது, தரை இறங்குவதும் நின்றது. ஆலைகள் மறுபடி எழுந்ததும் மறுபடி இறங்கத் தொடங்கியது. காரணத்தில் சந்தேகத்துக்கே இடமில்லாமற் போன பின், ஜப்பானிய அரசாங்கம் 1956-இல் ஆலைகள் எடுக்கும் நிலத்தடி நீருக்கும், 1962-இல் கட்டடங்கள் எடுக்கும் நீருக்கும் சட்டம் செய்தது. தோனே நதியின் நீரைக் கால்வாய் வெட்டி டோக்கியோவுக்குக் கொண்டுவந்தது. 1970-களில் தரை பெரும்பாலும் நிலைபெற்றது. பூமிக்கடியில் நீர்மட்டம் எவ்வளவு உயர்ந்ததென்றால், உயேனோ, டோக்கியோ ரயில் நிலையங்களின் சுரங்கப் பகுதிகளை ஜலம் மேலே தூக்கிவிடாதபடி பாரம் ஏற்றியும் நங்கூரமிட்டும் பிற்காலத்தில் காக்க வேண்டியிருந்தது. சட்டம் வந்து தரை நிலைபெற்ற அதே வருஷங்களில் அந்தப் பெருநகரப் பகுதியின் ஜனத்தொகை குறையவில்லை, வளர்ந்துகொண்டே இருந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இந்தோனேஷியாவோ 2019-இல் வேறொரு தீர்மானத்துக்கு வந்து, போர்னியோ தீவின் கிழக்கே காட்டுப் பிரதேசத்தில் நுசந்தாரா என்ற புதிய தலைநகரத்தை எழுப்பி வருகிறது. தலைநகரத்தை மாற்ற அதற்குப் பூரண உரிமை உண்டு. ஆனால் மந்திரிகளும் உத்தியோகஸ்தர்களும் போகலாம். முவாரா பாருவில் மீன் சுமந்து ஜீவனம் செய்கிறவர்கள் எங்கே போவார்கள்? கோடிக்கணக்கான மனிதர்களைப் புதைமண்ணில் விட்டுவிட்டு அலுவலகங்களை மட்டும் அப்புறப்படுத்துவது பரிகாரம் ஆகாது என்று நான் கருதுகிறேன். வட ஜகார்த்தாவின் வீடுகளுக்குக் குறைந்த விலையில் குழாய் நீர் போய்ச் சேரவேண்டும். அதன் பின் ஆழ்குழாய்களை, பெரிய கட்டடங்களுடையவற்றிலிருந்து தொடங்கி, தாட்சண்யமின்றி மூடவேண்டும். மாற்று நீர் கொடுத்த பிறகு பழைய கிணற்றை மூடச் சொல்லும் வரிசையில்தான் ஜப்பானின் 1956-ஆம் ஆண்டுச் சட்டமும் அமைந்திருந்தது.