அடுப்படியும் அறிவும்

குறுந்தொகையிலே கூடலூர் கிழார் பாடிய பாட்டொன்று உண்டு. புதிதாக மணம் முடித்த இளம்பெண் ஒருத்தி தன் மெல்லிய விரலால் தயிரைப் பிசைகிறாள். தாளிப்பின் புகை கண்ணை உறுத்துவதையும் பொருட்படுத்தாது குழம்பு ஆக்கிக் கணவனுக்குப் படைக்கிறாள். அவன் உண்டு, நன்றாயிருக்கிறது என்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. வீட்டுச் சமையலின் இன்பம் முழுவதையும் சில அடிகளுள் அடக்கிய அப்புலவரை வியவாதார் இல்லை. வகுப்பறையில் அப்பாட்டைப் பல ஆண்டுகள் கற்பித்த நானும் வியந்தவனே. ஆனால் அந்தக் கணவனைப் போலவே நானும் புகைக்கு இப்பால் அமர்ந்துகொண்டுதான் வியந்தேன் என்பதை உணர்வதற்கு 2022ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது.

அவ்வாண்டில் நாட்டைப் பிடித்த பொருளாதார நெருக்கடியில் சமையல் எரிவாயு கிடைத்தற்கரிய பொருளாயிற்று. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய எங்கள் வீட்டிலும் கொல்லையில் மூன்று கல் கூட்டி விறகு மூட்டினோம். குனிந்து ஊத இயலாத மனைவிக்கு உதவியாக அடுப்பண்டை போய் இருந்தேன். வாழ்நாள் முழுவதும் கோதுமை மாப் பிட்டை உண்டவன் நான். அது எவ்வாறு பிட்டாகிறது என்பதை அன்றுதான் கண்டேன்.

மாவைக் குழைக்குமுன் அவள் அதனைத் துணியிற் கட்டி ஆவியில் அவிக்கத் தொடங்கினாள். “அவித்ததைப் பிறகும் ஏன் அவிக்க வேண்டும்? நேரே குழைத்தால் என்ன?” என்றேன். “குழைத்துப் பாருங்கோ. பிட்டு வராது, களிதான் வரும்” என்றாள். இவ்விடைக்குள் ஓர் அறிவியலே அடங்கியிருக்கிறது. கோதுமை மாவில் நீர் பட்டதும் அதிலுள்ள புரதம் இழையிழையாகப் பிணைந்து இழுபடும். பாண் சுடுவோனுக்கு வேண்டியது அந்தப் பிணைப்பே. நொதியம் விடும் வாயுவை அது சிறைப்பிடித்து வைப்பதாலேதான் பாண் பொங்குகிறது. பிட்டுக்கோ மணி மணியாக உதிரும் மா வேண்டும். ஆகவே, நீர் ஊற்றுமுன்னரே ஆவியின் சூட்டினால் அப்புரதத்தின் பிணைக்கும் ஆற்றலைப் போக்கி, கட்டியை உடைத்து, அரிதட்டில் அரித்து, அதன் பின்னரே குழைக்கிறார்கள். பாண்காரன் எதனை வளர்க்கிறானோ, அதனையே பிட்டு அவிப்பவள் அடக்குகிறாள்.

எங்களது கப்பல் வந்து போகும் ஊர். கப்பல் இறக்கிய பண்டங்களையும் சொற்களையும் கொண்டே எங்கள் அடுக்களையின் வரலாற்றை எழுதிவிடலாம். குசினி, பாண், போறணை என்பன போர்த்துக்கேயர் வழி வந்த சொற்கள். சித்திரைப் புத்தாண்டில் சிங்கள அயலவர் தரும் கொக்கிஸ், ஒல்லாந்தர் விட்டுச் சென்ற பெயரைத் தாங்கியது. 1942இல் பர்மா யப்பானியர் வசமாகவே அரிசி வரவு நின்றது. அரிசி பங்கீட்டுக்கு உள்ளாயிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 9ஆம் நாள் இத்துறைமுகத்தின் மீதே யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அரிசியின் இடத்தைக் கோதுமை மா ஓரளவு நிரப்பலாயிற்று. 1980இல் சீனக்குடாவில் பிறிமா மாவாலை இயங்கத் தொடங்கியது. அன்றுதொட்டுக் கடல் கடந்து வரும் கோதுமை எங்கள் குடாவிலேயே மாவாகி நாடெங்கும் போகிறது.

இவையெல்லாம் நூல்களில் உள்ளன. ஆயின், கப்பல் கொண்டுவந்தது மாவை மட்டுமே, பிட்டைக் கொண்டுவரவில்லை. பழக்கமில்லாத அந்நிய மாவை நீற்றுப்பெட்டிக்குள்ளும் இடியப்ப உரலுக்குள்ளும் இணங்க வைத்தவர்கள் எங்கள் பாட்டிமார். அவர்களுள் ஒருத்தியின் பெயரும் எந்த ஏட்டிலும் இல்லை. போறணை இல்லாத வீடுகளில், சட்டியின் கீழே தணலும் மூடியின் மேலே சிரட்டைத் தணலும் இட்டு, இரு புறத்து வெப்பத்தையும் கையால் உணர்ந்தே நத்தார்க் கேக்கைச் சுட்டெடுத்தவர்களின் கதியும் இதுவே. கப்பற்றலைவனின் பெயரைப் பாடமாக்குகிறோம்; அவன் இறக்கிய சரக்கை உணவாக்கியவளை மறந்துவிடுகிறோம். அவள் செய்ததை அன்பு என்கிறோம், கைப்பக்குவம் என்கிறோம். அறிவு என்று மட்டும் சொல்வதில்லை.

சமையல் பெண்ணுக்கு விலங்கு, கடையில் வாங்கி உண்டால் அவள் விடுதலை பெறுவாள் என்பார் ஒரு சாரார். அது பெண்ணின் தவம், அதிலேதான் குடும்பத்தின் இன்பம் என்பார் மறு சாரார். முன்னவர் கூற்றில் உண்மை உண்டு. நாள்தோறும் மூன்று வேளை, ஒருத்தியே புகை குடித்துச் செய்யும் வேலையை இன்பம் என்று வருணிப்பது, உண்பவனின் இன்பத்தை அவள் மேல் ஏற்றிச் சொல்வதேயாகும். ஆனால், சுமையைத் தூக்கி எறியும்போது அதனோடு கட்டுண்ட அறிவையும் எறிந்துவிடுவோமாயின், நாளை கப்பல் வராவிடினும் கடை திறவாவிடினும் என் செய்வோம்? 2022 அக்கேள்வியை எங்கள் வாசலிலேயே வந்து கேட்டது. அடுக்களை சுமையானது அங்கு வேலை இருப்பதாலன்று. அவ்வேலை ஒருவர் தலையிலேயே இருப்பதால். பகிர்ந்தால் சுமை குறையும். அறிவோ இருவரிடத்தும் பெருகும். வீட்டுச் சமையலின் இன்பம் என்று ஒன்று உண்டானால் அது அங்கேதான் தொடங்கும் என்பது என் துணிபு.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. மனைப்பொருளியல் என்னும் பாடம் எங்கள் பாடசாலைகளில் உண்டு. அதனைப் பெண்பிள்ளைகளின் பாடமென ஒதுக்காது, ஆண்பிள்ளைகளையும் அங்கே அமர்த்துங்கள். மாவை ஏன் அவிக்கிறோம் என்பதை இரசாயன ஆசிரியரும் வந்து விளக்கட்டும். கூடலூர் கிழாரின் பாட்டைக் கற்பிக்கும்போது, அந்தப் புகையைப் பற்றியும் ஒரு வினாக் கேளுங்கள்.

எரிவாயு திரும்பி வந்துவிட்டது. நான் அடுக்களையை விட்டு வரவில்லை. தேங்காய் திருவுவது இப்போது என் வேலை. சென்ற வாரம் முதன்முறையாகப் பிட்டுக்கு மாவும் நானே குழைத்தேன். தண்ணீர் சற்றுக் கூடிவிட்டது. மனைவி ஒரு பிடி எடுத்து வாயிலிட்டாள். நன்றாயிருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. “நாளைக்குத் தண்ணியைக் குறையுங்கோ” என்றாள். என் முகம் மலர்ந்ததா என்பது எனக்குத் தெரியாது. ஆனால், நாளைக்கும் எனக்கு அங்கே இடமுண்டு என்பது தெரிந்தது.