எத்தனை பவுன்?

"நீங்கள் கதை எழுதுகிறவர்கள். இதையும் ஒரு கதையாக எழுதிக் கொடுத்துவிட்டீர்களானால், என் பெண் புருஷனிடம் போய்ச் சேர்ந்துவிடுவாள்."

இப்படிச் சொல்லிக்கொண்டே, தலையணை அளவுள்ள ஒரு கோப்பை என் மேஜைமேல் வைத்தார் திருச்சியிலிருந்து வந்திருந்த அந்தப் பெரியவர். தபால் இலாகாவில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு முன்பின் பழக்கமில்லாதவர். என் நாவல்களைப் படித்திருக்கிறோம் என்ற ஒரே உரிமையில் ரயிலேறி வந்துவிட்டார்.

கோப்பைத் திறந்தேன். மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை, பதிவுச் சான்றிதழ், தம்பதிகள் மாலையும் கழுத்துமாக நிற்கும் போட்டோக்கள், வாட்ஸப்பில் அவர்கள் பேசிக்கொண்டதை அச்செடுத்த காகிதக் கட்டு, மாப்பிள்ளையின் ஆறு மாதச் சம்பளச் சீட்டுகள். மாப்பிள்ளை லண்டனிலேயே பிறந்து வளர்ந்த பையன், அந்நாட்டுப் பிரஜை, பெற்றோருக்குப் பூர்வீகம் திருச்சி. சரக்குக் கிடங்கு ஒன்றில் அவனுக்கு வேலை. கல்யாணமான மூன்றாவது வாரம் லீவு தீர்ந்து திரும்பிப் போனவன்தான். அதற்கப்புறம் பதினான்கு மாதங்கள் ஆகிவிட்டன. பெண் திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள்.

"உங்கள் உறவு எப்படி மலர்ந்தது என்று கடிதம் வைக்க வேண்டுமாம். மலர்ந்தது என்று நான் எதைச் சொல்ல? பையன் வந்தான். கேசரி, பஜ்ஜி சாப்பிட்டான். மொட்டை மாடியில் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. இதை எழுதினால் அவர்கள் நம்புவார்களா, சார்? நீங்கள்தான் கொஞ்சம் ஜோடித்து..."

எனக்குச் சிரிப்பு வந்தது. நாற்பது வருஷமாகப் பொய்க் காதலை மெய்போல் எழுதிப் பிழைத்தவனிடம், மெய்யான கல்யாணத்தைப் பொய்போல் எழுதித் தரும்படி ஒருவர் கேட்கிறார்! ஆனால் சம்பளச் சீட்டுகளைப் புரட்டியதும் அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது. வருஷத்துக்குக் கணக்குப் பார்த்தால் 24,000 பவுனுக்குச் சற்றுக் குறைவு. கம்பனே எழுந்து வந்து கடிதம் எழுதினாலும் அந்தப் பெண்ணுக்கு விசா கிடைக்காது. அதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், காப்பி வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

விஷயம் இதுதான். பிரிட்டிஷ் பிரஜை ஒருவர் வேற்று நாட்டு மனைவியையோ கணவனையோ தம்மிடம் அழைத்துக்கொள்ள வேண்டுமானால், அவருக்கு இவ்வளவு வருமானம் இருக்க வேண்டும் என்று 2012 ஜூலையில் அந்தச் சர்க்கார் ஒரு வரம்பு கட்டியது. அப்போது 18,600 பவுன். 2024 ஏப்ரல் 11-ம் தேதி அதை 29,000 ஆக்கினார்கள். படிப்படியாக 38,700 வரை ஏற்றுவதாகவும் திட்டமிருந்தது. 2024 ஜூலையில் பதவிக்கு வந்த புதுச் சர்க்கார் மேலும் ஏற்றுவதை நிறுத்திவைத்தது. ஆனால் ஏற்றியதை இறக்கவில்லை.

நம் தமிழில் பவுன் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. இங்கிலாந்து நாணயமும் பவுன்தான். எட்டுக் கிராம் தங்கமும் பவுன்தான். அந்த நாட்டுத் தங்க நாணயம் நம் பெண்களின் கழுத்துக்கு வந்து சேர்ந்த கதை அது. "எத்தனை பவுன் போடுவீர்கள்?" என்று பிள்ளை வீட்டார் கேட்பதைக் காட்டுமிராண்டித்தனம் என்று நானும் என் தலைமுறை எழுத்தாளர்களும் எத்தனையோ கதைகளில் எழுதினோம். இன்று ஒரு நாகரிக சாம்ராஜ்யத்தின் உள்துறை இலாகா அதே கேள்வியைக் கேட்கிறது: "எத்தனை பவுன்?" நம்மவர்கள் பெண்ணின் தகப்பனைக் கேட்டார்கள். அவர்கள் மாப்பிள்ளையைக் கேட்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்த வரம்பின் யோக்கியதையைப் பார்ப்போம். 2024 ஏப்ரலில் அதே சர்க்கார், வயது வந்த தொழிலாளிக்கு மணிக்கு 11.44 பவுனுக்குக் குறைந்து கூலி கொடுக்கக் கூடாதென்று சட்டம் செய்தது. வாரத்துக்கு நாற்பது மணி நேரம் வீதம், ஒரு வாரம்கூட விடாமல் வருஷம் முழுவதும் உழைத்தால் கிடைப்பது 23,795 பவுன். மறு வருஷம் கூலி 12.21 ஆயிற்று, அப்போதும் 25,397தான். ஒரு மனிதன் மானமாகப் பிழைக்க இது போதும் என்று தீர்மானித்ததும் சர்க்கார்தான். அந்த மனிதன் மனைவியோடு வாழ இது போதாது என்று தீர்மானித்ததும் அதே சர்க்கார்தான்! அதாவது, நாள் முழுவதும் மூட்டை தூக்கு, ஆஸ்பத்திரியில் தரை துடை, கிழவர்களைக் குளிப்பாட்டு, வரி கட்டு. ஆனால் கடல் கடந்து மட்டும் காதலிக்காதே!

"சம்பளம் இல்லாவிட்டால் சேமிப்பைக் காட்டலாமே" என்பார்கள். காட்டலாம். சம்பளமே இல்லாதவர், 88,500 பவுன் ரொக்கம் ஆறு மாதமாகக் கையில் இருக்கிறதென்று நிரூபித்தால் போதும். கிடங்கில் மூட்டை தூக்குகிறவன் எந்த ஜன்மத்தில் அதைச் சேர்ப்பான்? அந்தப் பெண் இங்கே வாங்கும் சம்பளமும் கணக்கில் வராது; அங்கே போய் நர்ஸாகச் சம்பாதிக்கப் போவதும் கணக்கில் வராது. கணவன் சோறு போடுகிறவன், மனைவி உட்கார்ந்து சாப்பிடுகிறவள் என்ற நம் பாட்டிமார் காலத்துச் சித்தாந்தம், இங்கிலாந்தில் இருபத்தோராம் நூற்றாண்டின் சட்டமாக உட்கார்ந்திருக்கிறது.

இந்த வரம்புக்கு அவர்கள் இரண்டு நியாயங்கள் சொல்கிறார்கள். இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் நியாயம், வந்து சேரும் மனைவி பொது கஜானாவுக்குப் பாரமாகிவிடக் கூடாது என்பது. நல்லது. ஆனால் அந்த விசாவிலேயே, அரசாங்க உதவித்தொகை எதையும் இவர் பெறக் கூடாது என்று நிபந்தனை எழுதியிருக்கிறதே! அது மட்டுமா? 2025 ஏப்ரலில் விண்ணப்பக் கட்டணம் 1,938 பவுன் ஆயிற்று. அதற்குமேல் வைத்திய வசதிக்கென்று வருஷத்துக்கு 1,035 பவுன் வீதம், 33 மாத விசாவுக்கு 3,105 பவுன். அப்போதைய கணக்கில், அவள் விமானத்தில் காலை வைக்குமுன் கட்ட வேண்டியிருந்தது மொத்தம் 5,043 பவுன். அந்த 33 மாதம் முடிவதற்குள் மறுபடியும் விண்ணப்பம், மறுபடியும் கட்டணம். ஐந்து வருஷம் கழித்துத்தான் நிரந்தரமாகத் தங்க மனுப்போடலாம். பந்திக்குப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, இலையும் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, "இவள் சாப்பிட்டுவிடுவாளே" என்று அழுகிற கல்யாண வீட்டை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது நியாயம், பொய்க் கல்யாணங்களைத் தடுக்க வேண்டும் என்பது. பொய்க் கல்யாணங்கள் இல்லையென்று நான் சாதிக்க வரவில்லை, இருக்கின்றன. பணம் வாங்கிக்கொண்டு தாலி கட்டுகிறவர்களும், அங்கே ஒரு குடும்பத்தை மறைத்துவிட்டு இங்கே வந்து மாப்பிள்ளைக் கோலம் பூணுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை விசாரியுங்கள், தண்டியுங்கள். ஆனால் சம்பளச் சீட்டு எப்படி ஐயா பொய்யைப் பிடிக்கும்? வருஷத்துக்கு லட்சம் பவுன் சம்பாதிக்கிறவன் செய்கிற பொய்க் கல்யாணம் இந்த வாசலில் தலை நிமிர்ந்து நுழைந்துவிடும். 24,000 பவுன் சம்பாதிக்கிறவனின் மெய்க் கல்யாணம் வாசற்படியிலேயே விழுந்து சாகும். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைச் செய்துவை என்பது நம் பழமொழி. ஆயிரம் மெய்யைக் காட்டினாலும் ஒரு கல்யாணத்தைச் சேர்த்துவைக்க மாட்டேன் என்பது அவர்கள் சட்டம்.

இந்தச் சந்தேகப் புத்தி நேற்று முளைத்ததல்ல. 1979 ஜனவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் நம் நாட்டு ஆசிரியை ஒருவர் வந்து இறங்கினார். வயது முப்பத்தைந்து. அங்கே வசித்தவரை மணந்துகொள்ள வந்தவர். மணமகளாக வருகிறவளுக்கு முன்கூட்டியே அனுமதிச் சீட்டு தேவையில்லை. மனைவியாக வருகிறவளுக்குத் தேவை. இவள் ஏற்கெனவே மணமானவளாக இருக்கலாம் என்று அதிகாரிகளுக்குச் சந்தேகம் வந்தது. அதைத் தீர்த்துக்கொள்ள என்ன செய்தார்கள் தெரியுமா? அவர் கன்னிதானா என்று ஓர் ஆண் டாக்டரை விட்டுச் சோதித்தார்கள்! செய்தி பத்திரிகையில் வெளியாகி, இந்தியா கொதித்தெழுந்த பிறகே அந்த வழக்கம் நின்றது. அக்கினிப் பிரவேசத்தைப் புராணம் என்று எண்ணிக்கொண்டிருந்தோம். அதற்கு விமான நிலையத்தில் ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள்.

பிறகு 1980-களில் இன்னொரு விதி. இந்தக் கல்யாணத்தின் முதன்மை நோக்கம் இங்கிலாந்தில் குடியேறுவது அல்ல என்று வேற்று நாட்டுக் கணவன் நிரூபிக்க வேண்டும். "உன் மனைவியோடு அங்கே வாழ விரும்புகிறாயா?" ஆம் என்றால் குடியேறத்தான் கட்டிக்கொண்டாய் என்பார்கள். இல்லை என்றால் பின்னே விசா எதற்கு என்பார்கள். 1997-ல் அந்த விதி ஒழியும்வரை எத்தனை குடும்பங்களை அது நடுக்கடலில் நிறுத்தியதோ!

இதற்கிடையே 1985-ல் ஒரு வேடிக்கை நடந்தது. ஆண்கள் மனைவியை அழைத்துக்கொள்வது எளிது, பெண்கள் கணவனை அழைத்துக்கொள்வது கடினம் என்றிருந்த விதியை எதிர்த்து, இங்கிலாந்தில் குடியிருந்த மூன்று பெண்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றார்கள். இது ஆண் பெண் பேதம் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சர்க்கார் தீர்ப்புக்குத் தலை வணங்கியது. எப்படி? பெண்களுக்கு வழியை எளிதாக்கியல்ல, ஆண்களுக்கும் கடினமாக்கி! சமத்துவம் என்ற சொல்லுக்கு இப்படியும் ஓர் அர்த்தம் உண்டென்று அகராதிக்காரர்கள் குறித்துக்கொள்ளட்டும்.

வருமான வரம்பும் 2017-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. பலருக்கு இதனால் கஷ்டம் உண்டு, ஆனால் கஷ்டம் என்பதாலேயே அது சட்ட விரோதமாகிவிடாது என்றார்கள் நீதிபதிகள். குழந்தைகளின் நலனைச் சரியாகக் கருதவில்லை என்று மட்டும் குட்டினார்கள். தகப்பனைக் கம்ப்யூட்டர்த் திரையில் மட்டுமே பார்த்து வளரும் குழந்தைகளைப் பற்றி, அதற்கு இரண்டு வருஷம் முன்பே இங்கிலாந்தின் குழந்தைகள் ஆணையர் அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தது. அந்தக் குழந்தைகள் என்ன குற்றம் செய்தார்கள்? மணிக்குக் கூலி வாங்குகிறவர்களுக்குப் பிறந்தார்கள்.

இதுவரை தலையாட்டிக்கொண்டே படித்து வந்த வாசகர்களை இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். அன்னியனைத் திட்டுவது சுகமான காரியம். நம் வீட்டுத் திண்ணையையும் பார்ப்போம்.

அந்தப் பெரியவரின் திருச்சியிலேயே கொட்டப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. 2021-ல் அகதிகள் முகாம் என்ற பெயரை மாற்றி மறுவாழ்வு முகாம் என்றார்கள். தமிழ்நாடு முழுவதும் இப்படிப்பட்ட முகாம்களில் பல்லாயிரம் பேர் முப்பது, நாற்பது வருஷமாக வாழ்கிறார்கள். அங்கே வளர்ந்த பையனை நம்மூர்ப் பெண் ஒருத்தி மணந்தால் என்ன ஆகும்? பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் படகில் வந்தவர்களை நம் மத்திய சர்க்கார் சட்ட விரோதக் குடியேறிகளாகவே எண்ணி வந்திருக்கிறது. 2003-ல் திருத்தப்பட்டு 2004 டிசம்பர் 3-ல் அமலுக்கு வந்த குடியுரிமைச் சட்டப்படி, பெற்றோரில் ஒருவர் அப்படிப்பட்ட குடியேறியானால், மற்றவர் இந்தியரே ஆனாலும் இங்கே பிறக்கும் குழந்தை இந்தியக் குழந்தை அல்ல! தாய் திருச்சிக்காரி, பேசுவது தமிழ், படிப்பது நம் பள்ளிக்கூடத்தில், ஆனாலும் பிள்ளை பரதேசி. 2025-ல் இம்மக்களுக்குத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு அளித்தார்கள். தண்டிக்க மாட்டோம் என்றார்கள்; எங்களவர் என்று சொல்லவில்லை. லண்டனுக்குக் கண்டனம் எழுதுகிற நமக்கு, கொட்டப்பட்டு எத்தனை மைல் என்று தெரியவில்லை.

எல்லைகளே வேண்டாம் என்று உபதேசிக்க நான் சந்நியாசியல்ல. தேசம் என்றிருந்தால் வாசல் இருக்கும். வாசல் என்றிருந்தால் காவலாளி இருப்பான். வருகிறவர் யார், கொலைகாரரா, ஏற்கெனவே மணமானவரா என்று அவன் கேட்கட்டும். ஆனால் மணந்துகொண்ட இருவர் ஒரே கூரையின் கீழ் வாழலாமா என்பது, கூரையின் விலையைப் பார்த்துத் தீர்மானிக்கிற விஷயமல்ல. தன் பிரஜையின் உழைப்பை ஏற்றுக்கொள்கிற தேசம் அவன் மனைவியையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். முடியாதென்றால், "இங்கே குடும்பம் பணக்காரருக்கு மட்டும்" என்று வாசலில் பலகை மாட்டிவிடட்டும். அதிலாவது ஒரு நேர்மை இருக்கும்.

காப்பி வந்தது. பெரியவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ கடிதம் வேண்டாமா, சார்?" என்றார்.

வேண்டாமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுதிக் கொடுத்தேன். ஜோடிக்கவில்லை. பையன் வந்ததையும், கேசரி, பஜ்ஜி சாப்பிட்டதையும், மொட்டை மாடியில் அரை மணி நேரம் பேசியதையும், இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டதையும் அவர் சொன்னபடியே எழுதினேன். அவர் அதைக் கோப்பில் சம்பளச் சீட்டுகளுக்கு மேலே வைத்துக் கட்டிக்கொண்டார்.

மாப்பிள்ளை இப்போது இரவு நேரத்துக்கு இன்னொரு வேலை தேடிக்கொண்டிருக்கிறானாம். மனைவியோடு பேசுவதற்கென்று அவனிடம் இருப்பதும் அந்த இரவு நேரம்தான்.