டைல்ஸுக்கு லட்சம்... வயருக்கு ஆணி!

புது ஃபிளாட் பார்க்கப் போகிறீர்கள். மார்பிளைத் தடவுகிறீர்கள். பாத்ரூம் குழாயைத் திறந்து மூடுகிறீர்கள். வாஸ்து விசாரிக்கிறீர்கள். ‘டெலிபோன், இன்டர்நெட் வயர் எந்த வழியா உள்ளே வருது?’ என்று கேட்டிருக்கிறீர்களா சார்? நீங்கள் கேட்பதில்லை, பில்டரும் கவலைப்படுவதில்லை.

குடிபுகுந்த மறுநாள் டிரில்லிங் மெஷினோடு ஒரு பையன் வருவான். ஜன்னல் ஃபிரேமில் ஓட்டை, புதுப் பெயின்ட்டில் வரிசையாக ஆணி. ஃபைபர் வயரை மூலையில் சுருக்கென்று மடித்தால் ஒளி கசியும், யாருக்கு அக்கறை? செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே மோடம். பெட்ரூமில் வைஃபை வராது. உடனே கம்பெனிக்காரனைத் திட்டுவோம்.

இது பழைய வியாதி. 2005-ல் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்தபோதும் இதே கதைதான். ஒரே செம்புக் கம்பியில் பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே. இன்டர்நெட் 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே. இரண்டையும் பிரிக்கத்தான் ‘ஸ்பிளிட்டர்’ என்ற குட்டி டப்பா. லைன் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் அதுதான் வரவேண்டும். நாம் என்ன செய்தோம்? அதற்கு முன்னாலேயே வயரைப் பிரித்து மாடிக்கு ஒரு பேரலல் போன் இழுத்தோம். ஃபில்டர் கிடையாது. கம்பியை முறுக்கி டேப் சுற்றினால் ஜாயின்ட் முடிந்தது! மாடியில் பாட்டி ரிசீவரை எடுத்தால் கீழே பேரனுக்கு நெட் கட். திட்டு மட்டும் எக்ஸ்சேஞ்சுக்கு.

அந்தப் பழைய லைனுக்கு ஒரு புண்ணியம் உண்டு. எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வரும். வீட்டில் கரன்ட் போனாலும் சாதாரண போன் பேசும். ஃபைபரில் அது கிடையாது. மோடத்துக்கு பேக்கப் இல்லையென்றால், கரன்ட் போன நள்ளிரவில் தாத்தாவுக்கு நெஞ்சுவலி வந்தால் 108-ஐக் கூப்பிட அந்த போன் உதவாது. ‘செல்போன் இருக்கே’ என்பீர்கள். உள் அறையில் டவர் கிடைக்காமல் பால்கனிக்கு ஓடுகிறவரைக் கேளுங்கள், சொல்வார்.

டிஜிட்டல் இணைப்பு வசதியை வைத்துக் கட்டடங்களுக்கு ஸ்டார் ரேட்டிங் தரும் விதிமுறையை 2024-ல் டிராய் கொண்டுவந்தது. ‘உங்க பில்டிங்குக்கு எத்தனை ஸ்டார்?’ என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

இனிமேலாவது கேளுங்கள். அறைக்கு ஒரு பைப், வீட்டின் நடுவில் மோடத்துக்கு இடம், பக்கத்திலேயே இன்வெர்ட்டர் லைனில் ஒரு பிளக் பாயின்ட். சுவர் பூசுவதற்கு முன்னால் போட்டால் சொற்பச் செலவு; பூசியபிறகு என்றால் சுவரையே உடைக்கவேண்டும்.

பாத்ரூம் குழாயை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் சார். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அந்த பைப்பைக் கேளுங்கள்!