காவலர் சங்கமும் கணக்குச் சொல்லும் கடமையும்

1918ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 30ஆம் தேதி, ஐரோப்பிய மகாயுத்தம் இன்னும் ஓயாதிருந்த வேளையில், லண்டன் மாநகரத்துப் போலீஸ்காரர்களில் ஏறக்குறைய 12,000 பேர் வேலைக்குப் போவதில்லையென்று நின்றுவிட்டார்கள். யுத்தகால விலைவாசியில் குடும்பம் நடத்தப் போதாத சம்பளமும், சங்கத்தில் சேர்ந்து உழைத்த காரணத்தால் காவலர் ஒருவர் வேலையை இழந்ததும் அவர்களை அந்த நிலைக்குத் தள்ளியிருந்தன. மறுநாளே பிரதம மந்திரி லாயிட் ஜார்ஜ் சங்கத் தலைவர்களை அழைத்துப் பேசி, சம்பளத்தை உயர்த்தினார்; காவலர்களின் விதவைகளுக்குப் பென்ஷன் கொடுக்க இசைந்தார்; விலக்கப்பட்டவரை மீண்டும் சேர்த்துக்கொண்டார். சங்கத்தை அங்கீகரிக்கும் விஷயத்தில் மட்டும், யுத்தம் நடக்கும்போது அது சாத்தியமில்லை என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

யுத்தம் நடக்கும்போது சாத்தியமில்லையென்றால் யுத்தம் முடிந்ததும் சாத்தியந்தானே என்று தலைவர்கள் அர்த்தம் செய்துகொண்டார்கள். அங்கத்தினர்களிடமும் அதையே நிச்சயமான செய்திபோலச் சொன்னார்கள். பிரதம மந்திரி அப்படி வாக்குக் கொடுக்கவில்லை. சமாதானம் வந்தது, அங்கீகாரம் வரவில்லை. மாறாக, டெஸ்பரோ பிரபுவின் தலைமையில் அமைந்த கமிட்டி சிபார்சு செய்தபடி காவலர்களின் சம்பளம் கணிசமாக உயர, அதே சமயத்தில் சங்கத்தைத் தடைசெய்யும் சட்டமும் பார்லிமெண்டில் தயாராயிற்று. 1919 ஜூலை கடைசியில் சங்கத்தார் மறுபடியும் வேலைநிறுத்தத்துக்கு அறைகூவியபோது, முந்திய வருஷம் 12,000 பேர் வெளியே வந்த லண்டனில் ஆயிரத்துச் சொச்சம் பேரே வந்தார்கள். லிவர்பூலில் ஏறக்குறையப் பாதிப் படை வெளியே வந்தது. அந்நகரத்தில் சில நாட்கள் கடைகள் சூறையாடப்பட்டன, துருப்புகள் வந்தன, மெர்சி நதிக்கு யுத்தக் கப்பலும் வந்தது. வேலைநிறுத்தம் செய்த 2,300க்கு மேற்பட்டவர்களில் ஒருவரையும் சர்க்கார் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நீண்ட காலம் உழைத்து, பென்ஷன் வாங்கும் தறுவாயில் இருந்தவர்களும் அதை அடியோடு இழந்தார்கள்.

இந்த விபத்துக்கு முழுப் பொறுப்பும் சங்கத் தலைவர்களுடையது என்று நாம் சொல்லமாட்டோம். பசித்தவன் கேட்டபோது காதைப் பொத்திக்கொண்ட சர்க்காருக்கு அதில் பெரும் பங்குண்டு. ஆயினும், கிடைத்தது இவ்வளவு, கிடைக்காதது இவ்வளவு, நாம் எதிர்பார்ப்பது இது, வாக்களிக்கப்பட்டது இது என்று தங்கள் ஆட்களிடம் பிரித்துச் சொல்லியிருந்தால், அந்த 2,300 குடும்பங்களில் பல தப்பியிருக்கும் என்றே நமக்குப் படுகிறது. சொந்த நஷ்டத்தை அஞ்சாமல் தலைவர் சொல்லை நம்பி வெளியே வருகிறவனுக்கு, அந்தச் சொல்லின் எடையை அறிய உரிமை உண்டல்லவா?

1919ஆம் வருஷச் சட்டம் பழைய சங்கத்தை அழித்துவிட்டு, அதன் ஸ்தானத்தில் போலீஸ் பெடரேஷன் என்ற ஸ்தாபனத்தை நிறுவிற்று. வேலைநிறுத்த உரிமை அதற்கு இல்லை. சம்பளத்தையும் சேவை நிபந்தனைகளையும் பற்றி அங்கத்தினர்களுக்காகப் பேசும் உரிமை உண்டு. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அது ஜீவித்து வருகிறது. ஆனால் பேசுகிற உரிமை கிடைத்துவிட்டதனாலேயே சொந்த ஆட்களுக்குக் கணக்குச் சொல்லும் பழக்கம் வந்துவிடுவதில்லை. பெடரேஷனே கேட்டுக்கொண்டதன் பேரில் சர் டேவிட் நார்மிங்டன் தலைமையில் நடந்த விசாரணை 2014 ஜனவரியில் முடிந்தபோது, தலைமையின்மீது அங்கத்தினர்களுக்கே நம்பிக்கை குன்றியிருப்பதும், கிளைகளிடமிருந்த பணத்தின் கணக்கு வெளிச்சத்துக்கு வராதிருப்பதும் வெளியாயின. 36 சிபார்சுகள் வந்தன. அதே வருஷம் மே மாதம் போர்ன்மத் நகரில் கூடிய மகாநாட்டில், உள்நாட்டு மந்திரி தெரசா மே, நீங்களாகத் திருந்தாவிட்டால் சட்டம் திருத்தும் என்று கண்டித்துப் பேசிய பிறகு, அந்த 36ஐயும் பிரதிநிதிகள் ஏற்றுக்கொண்டார்கள். மந்திரி வந்து சொல்லும்வரை காத்திருந்தது அந்த ஸ்தாபனத்துக்குக் கௌரவம் தரவில்லை.

அரசியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 1915இல் பிட்ஸ்பர்க் நகரத்தில் தோன்றிய காவலர் சங்கமொன்று, ஜனாதிபதித் தேர்தல்களில் அபேட்சகர்களுக்குப் பகிரங்கமாக ஆதரவு அறிவித்து வருகிறது; 1996இல் கிளிண்டனுக்கும், 2016இல் டிரம்புக்கும் அறிவித்தது. இந்த வழக்கம் நமக்கு உவப்பானதன்று. லத்தியும் துப்பாக்கியும் ஏந்துகிறவர் எந்தக் கட்சிக்காரர் என்று ஜனங்கள் யோசிக்கும்படி ஆகிவிட்டால், பிராது கொடுக்க ஸ்டேஷன் வாசற்படி ஏறுகிறவனுக்குத் தைரியம் எங்கிருந்து வரும்? எந்தச் சட்டம் சம்பளத்தைத் தொடுகிறது, எந்த மசோதா பென்ஷனைக் குறைக்கிறது என்று தலைவர்கள் எடுத்துச் சொல்லட்டும். ஓட்டு யாருக்கு என்பதை அங்கத்தினரின் மனச்சாட்சிக்கு விட்டுவிடட்டும்.

இனி நம் நாட்டு விஷயம். சங்கம் அமைக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு எல்லாப் பிரஜைகளுக்கும் அளிக்கிறது. காவல் படையினருக்கு அதைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை 33ஆம் பிரிவு பார்லிமெண்டுக்குக் கொடுக்கிறது. அதன்படி வந்த 1966ஆம் வருஷச் சட்டம், உரிய அதிகாரியின் அனுமதியின்றிக் காவலர் சங்கத்தில் சேர்வதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. அனுமதியின்றி என்ற சொல்லை வாசகர்கள் கவனிக்கவேண்டும். சட்டம் கதவைச் சாத்தியிருக்கிறதே தவிர, சுவரெழுப்பி அடைத்துவிடவில்லை. அண்டை மாநிலமாகிய கேரளத்தில் காவலர் சங்கம் பகிரங்கமாக இயங்குகிறது, மகாநாடு கூட்டுகிறது. அதனால் அங்கே ஒழுங்கு குலைந்துவிடவில்லை. தமிழ்நாட்டில் ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்குச் சங்கம் உண்டு. வெயிலில் பந்தோபஸ்து நிற்கும் இரண்டாம் நிலைக் காவலருக்கும் ஏட்டுக்கும் அங்கீகாரம் பெற்ற சங்கம் இல்லை.

இதன் விளைவு என்ன? உயர் அதிகாரிகளின் வீட்டில் காவலரை ஏவல் வேலைக்கு வைக்கும் ஆர்டர்லி முறையை ஒழித்து, 1979ஆம் வருஷத்திலேயே நம் மாநில சர்க்கார் உத்தரவிட்டது. 2022இல், அந்த முறையை மெய்யாகவே ஒழிக்கும்படி சென்னை ஐகோர்ட்டு கண்டிப்பாகச் சொல்லவேண்டியிருந்தது. நடுவில் கடந்த 43 வருஷங்களில், எந்த வீட்டில் எத்தனை பேர் காய்கறி வாங்கவும் குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போகவும் நின்றார்கள் என்று கணக்கெடுத்துக் கேட்க, அவர்கள் சார்பில் ஒரு காரியதரிசி இருந்ததில்லை. தனியாகக் கேட்கிறவனுக்குக் கிடைப்பது மெமோவும் மாற்றல் உத்தரவுந்தான். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்று 2021இல் உத்தரவாயிற்று; நல்ல உத்தரவு, சர்க்காரை மனமாரப் பாராட்டுகிறோம். அது எந்தெந்த ஸ்டேஷனில் எப்படி நிறைவேறுகிறது என்று மாதந்தோறும் விசாரித்து, கண்டதைக் கண்டபடி காவலர்களுக்குச் சொல்லும் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது?

வேலைநிறுத்தமும் கட்சிச் சார்பும் கூடாதென்ற நிபந்தனைகளோடு, காவலர் முதல் ஏட்டு வரையிலானவர்களுக்கு ஒரு சங்கத்தை அனுமதிக்கும்படி முதலமைச்சரைக் கேட்டுக்கொள்கிறோம். அதன் விதிகளை எழுதுகிறவர்கள், வரவு செலவுக் கணக்கையும், சர்க்காரிடம் பேசியதையும், கேட்டுக் கிடைக்காமற்போனதையும் மாதம் ஒருமுறை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ரோல்கால் சமயத்தில் தமிழில் படித்துக் காட்டவேண்டும் என்பதை முதல் விதியாக எழுதட்டும்.