பாட்டை விடுங்கள், நாரதரைக் காப்பாற்றுங்கள்

பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது எப்படி என்று என்னிடம் இன்னும் கேட்டு வருகிறார்கள். திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ரெக்கார்டிங் சென்டர் நடத்தியவன் நான். வருபவர்களிடம் முதலில் நான் கேட்பது, "கேசட்டில் என்ன இருக்கு?" என்பதுதான். "எல்லாம் இளையராஜா பாட்டுண்ணே, நீங்க பதிஞ்சு குடுத்ததுதான்" என்பார்கள். "அப்ப தூக்கிப் போடுங்க" என்று சொல்லிவிடுவேன்.

கோபமாகச் சிலர் பார்ப்பதுண்டு. ஆனால் உண்மை அதுதான். நோட்டுத் தாளில் பாட்டு லிஸ்ட் எழுதி, டிடிகே அல்லது மெல்ட்ராக் கேசட் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அறுபது கேசட் என்றால் ஒரு பக்கம் 30 நிமிடம். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடாதபடி அடுக்குவதில்தான் எங்கள் கெட்டிக்காரத்தனம் இருந்தது. அந்தப் பாட்டுகள் எல்லாம் இன்று அதைவிடத் தெளிவாகக் கைபேசியில் கிடைக்கின்றன. டீக்கடை டீக்கடையாக ஓடிய நம்ம ஊர் லியோனியின் பட்டிமன்றம்கூடத் தேடினால் கிடைக்கிறது. கடையில் விற்ற எதையும் வீட்டில் உட்கார்ந்து மாற்ற வேண்டியதில்லை.

மாற்ற வேண்டியது வேறு. சிறுமலை அடிவாரத்திலும் வேடசந்தூர், நத்தம் பக்கத்துக் கிராமங்களிலும் திருவிழா என்றால் விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் நடக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகம்தான், ஊருக்கு ஊர் அதே கதைதான். ஆனால் வள்ளியும் நாரதரும் செய்யும் தர்க்கம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அன்றைக்கு எதிரில் நிற்பவர் என்ன கேட்கிறாரோ, அதற்கு அந்த நிமிடத்தில் மேடையில் பிறக்கும் பதில் அது. பபூன் அடிக்கும் நக்கலும் அந்த ஊர் ஆட்களைப் பற்றியது. மேடை ஓரத்தில் டேப் ரெக்கார்டரை வைத்து யாரோ ஒருவர் பதிந்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் அந்த ராத்திரியோடு போயிற்று. காப்பி போடுவதற்காக அப்படிப்பட்ட கேசட்டுகள் என் கடைக்கு வந்திருக்கின்றன. தர்க்கம் சூடு பிடிக்கிற இடத்தில் 'டக்' என்று டேப் தீர்ந்துபோகும். கேசட்டைத் திருப்பிப் போட்டுப் பட்டனை அழுத்துவதற்குள் நாரதர் இரண்டு கேள்வி முன்னே போயிருப்பார்.

மாற்ற வேண்டிய இன்னொன்று, அந்தக் காலத்தில் சவூதியிலிருந்தும் துபாயிலிருந்தும் வந்த பேச்சு கேசட்டுகள். கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்புவார்கள். இங்கே வீட்டில் எல்லோரும் கேட்டுவிட்டு, அதே கேசட்டில் பதிலைப் பேசித் திருப்பி அனுப்புவார்கள். பதில் பதியப் பதிய அங்கிருந்து பேசி வந்தது அழிந்துகொண்டே போகும். அழிப்பதற்கு முன்னால் ஒரு காப்பி போட்டு வைத்துக்கொள்ளலாம் என்று கடைக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் பெர்லினில் இந்தச் சின்ன கேசட்டை வெளியிட்டபோது, அது முக்கியமாகப் பேச்சைப் பதிவதற்கு என்றுதான் நினைத்தார்கள். பாட்டுக்கு என்று ஆனது பிறகுதான்.

இந்த மாதிரிக் கேசட்டுகளைத் தெரியாத கடையில் கொடுக்காதீர்கள், வீட்டிலேயே செய்யலாம். ஆன்லைனில் விற்கும் விலை மலிந்த யு.எஸ்.பி. பிளேயரை மட்டும் வாங்க வேண்டாம். அதில் வேகம் நிலையாக இருக்காது, குரல் அலையும். பழைய டெக் ஒன்றைத் தேடிப் பிடித்து, பெல்ட்டை மாற்றி, ஹெட்டையும் ரப்பர் ரோலரையும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். கேசட்டை எடுத்தவுடன் பிளே அழுத்தாமல், ஒருமுறை முழுக்க ஓட்டித் திருப்பிச் சுற்றுங்கள்.

நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்க ஒரு துண்டு ஃபெல்ட் இருக்கும், அரிசி அளவுதான். தகரக் கூரைச் சூட்டில் பசை காய்ந்து அது விழுந்திருந்தால் சத்தம் மங்கி, வந்து வந்து போகும். கேசட்டே போய்விட்டது என்று நினைத்துக் குப்பையில் போடுகிறார்கள். நான் தூக்கிப் போடச் சொன்ன பாட்டுக் கேசட் இங்கேதான் உதவும். மூலைகளில் நான்கும் நடுவில் ஒன்றுமாகத் திருகாணி போட்ட கேசட்டாகப் பார்த்துக் கழற்றி, அதன் கூட்டுக்குள் உங்கள் நாடாவை மாற்றி வைத்துவிடுங்கள். பாட்டு போனாலும் கூடு வேலைக்கு ஆயிற்று.

இன்னொரு விஷயம். ஹெட்டுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட சின்னத் திருகாணி ஒன்று இருக்கும். பதிந்த மெஷினின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ, அதே சாய்வுக்கு உங்கள் ஹெட்டும் வர வேண்டும். நாடா ஓடும்போதே மெல்லத் திருப்பி, 'ச'வும் 'ஸ'வும் எங்கே கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். கேசட்டுக்குக் கேசட் இது மாறும்.

டெக்கின் லைன்-அவுட்டிலிருந்து, லைன்-இன் உள்ள சின்ன யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு வழியாகக் கணினிக்குப் போங்கள். மைக் துளையில் சொருகினால் சத்தம் பிளந்துவிடும். ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம். எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாகவே வையுங்கள். நிமிடத்துக்குப் 10 எம்.பி. பிடிக்கும், 64 ஜி.பி. பென் டிரைவில் அறுபது நிமிடக் கேசட் 90 தாராளமாக அடங்கும். இரைச்சலை நீக்கும் வித்தைகளை எல்லாம் நகலில் செய்துகொள்ளுங்கள், மூலப் பதிவில் கை வைக்காதீர்கள். சேவல் கூவுவதும், நடுவில் ஒரு குழந்தை அழுவதும் இரைச்சல் கணக்கில் வராது.

ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும், குறுக்கு வழி இல்லை. அந்த நேரத்தில் வீட்டில் மூத்தவர் யாரையாவது பக்கத்தில் உட்கார வையுங்கள். பேசுவது யார், எந்த ஊர், எந்த வருடம் என்று அவர் சொல்லச் சொல்லக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். அவருக்கும் பிறகு அந்தக் குரல் யாருடையது என்று சொல்ல ஆள் இருக்காது.

யுனெஸ்கோவும் உலக ஒலி ஆவணக் காப்பகங்களின் சங்கமும் 2019-ல் ஓர் எச்சரிக்கை விட்டன. 2025 வாக்கில் உலகின் பல பகுதிகளில் காந்த நாடாவை ஓட்டிக் கேட்பதே நின்றுபோகலாம் என்றன. நாடா கெடுவதைவிட வேகமாக மெஷினும் உதிரிப் பாகமும் பழுது பார்ப்பவரும் இல்லாமல் போகிறார்கள் என்பதுதான் காரணம். அந்த வருடம் வந்தும் போய்விட்டது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையம்போல, கிராமத்துக் குரல்களைச் சேர்க்கும் இடங்கள் சில உண்டு. நம் மாவட்டத்து நாடகக்காரர்களின் கேசட்டுகள் அங்கே தாமாக நடந்து போகாது. 1956-லிருந்து காந்திகிராமத்தில் கிராமியக் கல்விக்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது. அங்குள்ள மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் ஊர் ஊராகப் போனாலே நிறையக் கிடைக்கும்.

அதற்கு முன்னால் மாவட்ட மைய நூலகத்தில் ஒரு மேசை போதும். ஒரு டெக், ஒரு கணினி, வேலை தெரிந்த ஓர் ஆள். கேசட்டோடு வருபவர் பென் டிரைவோடு வீட்டுக்குப் போகட்டும், அவர் சம்மதித்தால் ஒரு நகல் நூலகத்தில் இருக்கட்டும். என் கடையில் ஓடிய டெக் இன்னும் நன்றாக ஓடுகிறது. நூலகம் கேட்டால் நாளைக்கே கொண்டுவந்து கொடுக்கிறேன், ஆள் கிடைக்கும்வரை நானே வந்து உட்காரவும் தயார்.