எண்ணும் இசையும்

தொண்டை நாட்டின் பெரிய ஏரிகளுள் ஒன்று தென்னேரி. திரையன் என்னும் மன்னன் பெயரால் அமைந்த திரையனேரி என்பதே தென்னேரி என மருவிற்று என்பர் அறிஞர். அவ்வேரியின் கரையிலுள்ள ஊரிலும் இன்று திருவிழா நாளில் ஒலிபெருக்கிக்குப் பாட்டு வழங்குவது இசைத்தட்டு அன்று; கணினியோ கைப்பேசியோதான். அக்கருவி உயர்ந்ததாயின் இசையும் உயருமா? விலைமிக்க கணினியும் வடமும் வாங்கினால் நாகசுரம் இன்னும் இனிமையாக ஒலிக்குமா? ஆம் என்று கூறி விற்போர் உளர்; நம்பிப் பொருள் இழப்போரும் உளர்.

கணினி இசையை எண்களாகவே வைத்திருக்கிறது. குறுந்தகட்டு முறையில் ஒலியலையின் உயரம் நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது; ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகளுக்கு மேல் உணர்வதில்லை. ஒலியில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இருமடங்கிற்கு மேல் அளந்தால், அவ்வலையை அளவுகளிலிருந்து முழுமையாக மீட்கலாம் என்பதைக் கிளாடு ஷானன் என்னும் அறிஞர் 1949இல் விளக்கிக் காட்டினார்.

எண்ணுக்குத் தேய்மானம் இல்லை. இசைத்தட்டு ஊசி பட்டுத் தேயும். ஒலிநாடாவைப் படியெடுக்குந்தோறும் இரைச்சல் கூடும். எண்களோ நூறு முறை படியெடுத்தாலும் மாறுவதில்லை. நிலப்பத்திரத்தில் உள்ள ‘நான்கு ஏக்கர்’ என்பதைப் பொற்பேனாவால் படியெடுத்தாலும் நிலம் ஒரு குழிகூடக் கூடாது.

ஆயினும், கருவி எதுவாயினும் ஒன்றே என்பாரும் பிழைபடுவர். எண்கள் மின்னலையாக மாறும் இடம் நுண்ணியது. கணினியின் உள்ளே நிகழும் மின்னோட்ட மாறுதல்கள் அவ்வலையில் இரைச்சலாகக் கலக்கக்கூடும். சில மடிக்கணினிகளில் மின்னூட்டியைச் செருகியதும் ஒலிபெருக்கியில் ஓர் உறுமல் எழும், பிடுங்கியதும் அடங்கும். ஓசையை அளவு மீறிக் கூட்டினால் அலையின் முகடுகள் வெட்டுண்டு கரகரக்கும். இவை மெய்யான குறைகள். திருவிழாத் திடலின் கூம்பு ஒலிபெருக்கியோ தவிலின் தாழ்ந்த ஓசையைப் பெரிதும் விழுங்கிவிடும். அதற்கு எந்தக் கணினியும் மருந்தாகாது.

இனிச் சுருக்கம். குறுந்தகட்டில் நொடிக்கு 14,11,200 துணுக்குகள் உள்ளன, எம்.பி.3 முறையில் அதே பாட்டை 1,28,000 துணுக்குகளில் அடக்குவதுண்டு. செவிக்குப் புலப்படாதவை எனக் கணித்தவற்றைக் கழித்தே இது செய்யப்படுகிறது. மேலும் மேலும் சுருக்கினால் தாளத்தின் கிணுக்கமும் மங்கும். கழித்ததை எக்கருவியும் திருப்பித் தராது.

காஞ்சிபுரம் தனகோடி அம்மாளின் குரல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இசைத்தட்டில் பதிவாயிற்று. 1925இல் மின்வழிப் பதிவு வருவதற்கு முன் பாடகர் ஒரு கூம்பின் எதிரே நின்று பாடினர். மெல்லோசைகள் பல தட்டில் ஏறவே இல்லை. அத்தகைய தட்டை இன்று எத்துணை உயர்ந்த கணினியில் ஏற்றினும் அன்று ஏறாத ஓசை வாராது. ஏரியில் இல்லாத நீர் மதகில் வருமோ?

‘என் காதுக்கு வேறுபாடு தெரிகிறதே!’ என்பார்க்கு ஒரு சோதனை உண்டு. உயர்தெளிவு இசைப்பதிவையும், அதனையே குறுந்தகட்டு அளவுக்குக் குறைத்ததையும், இன்னது இதுவெனக் கூறாமல் கேட்பித்த ஓர் ஆய்வை மேயர், மோரன் என்னும் இருவர் 2007இல் அமெரிக்காவில் வெளியிட்டனர். 554 முறை கேட்டதில் 276 முறையே விடை சரியாயிற்று. காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்திருந்தாலும் ஏறத்தாழ அத்தனை கிடைத்திருக்கும்!

இச்சோதனைக்குச் செலவு இல்லை. விலைமிக்க வடம் வாங்க எண்ணுவோர் அதனை ஒருநாள் இரவலாகப் பெறட்டும். ஒருவர் திரைக்குப் பின்னிருந்து இரண்டு வடங்களையும் மாற்றி மாற்றி இணைக்க, மற்றவர் இருபது முறை கேட்டு விடையை எழுதட்டும். பத்துப் பதினொன்று மட்டுமே சரியாயின், அப்பணத்தை ஒரு நல்ல ஒலிபெருக்கிக்குச் செலவிடலாம். அங்கே வேறுபாட்டை உணரத் திரையும் சோதனையும் வேண்டுவதில்லை.