மொழி கற்க விழையும் மகளுக்கு எந்தப் பிரிவு?

கடற்கரையூர் ஒன்றிலிருந்து தாய் ஒருவர் எழுதியுள்ளார். பத்தாம் வகுப்பில் தேறிய மகள், அரபி அல்லது பிரெஞ்சு மொழியில் பட்டம் பெற விரும்புகிறாள். வாப்பாவோ, "அறிவியல் பிரிவைத் தவிர வேறு பேச்சே கூடாது" என்கிறார். இரண்டு வாரமாக இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். "நான் யார் பக்கம் நிற்பது?" என்று கேட்கிறார் அந்தச் சகோதரி.

முதலில் ஓர் அச்சத்தை நீக்கிவிடலாம். டில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும், ஹைதராபாத்தின் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்திலும் இளங்கலை அயல்மொழி வகுப்புகள் எழுத்தறிமுகத்திலிருந்தே தொடங்குகின்றன. மேல்நிலையில் எந்தப் பிரிவு படித்தவரும் விண்ணப்பிக்கலாம். நேரு பல்கலைக்கழகம் 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு வழியாக இளங்கலை மாணவரைச் சேர்க்கிறது. 2025இல் மாற்றியமைக்கப்பட்ட அத்தேர்வின் 13 மொழித்தாள்களில் தமிழும் உருதுவும் உண்டு. அரபியும் பிரெஞ்சும் இல்லை. ஆகவே, நுழைவுக்காகவே பிரெஞ்சு எடுக்க வேண்டும் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். ஆங்கிலத்தில் தேர்ச்சியே முதல் தேவை.

அப்படியானால் வாப்பா சொல்வது தவறா? முழுத் தவறன்று. இயற்பியல், வேதியியல், உயிரியலைக் கைவிட்டால் மருத்துவத்தின் கதவு அடைபடும் என்பது உண்மை. மகளுக்கு அதில் பாதி மனமேனும் இருந்தால் அறிவியலே எடுக்கட்டும். மொழித்துறைக்கு அது தடையாகாது. அறவே மனமில்லையெனில், இரண்டாண்டுகள் தனிப்பயிற்சி வகுப்புகளில் அவளை வாட்டுவானேன்? வரலாறு, பொருளியல், கிடைக்கும் பள்ளியில் சிறப்புத் தமிழ் ஆகியவை கொண்ட பிரிவு அவளுக்கு வாசிக்க நேரம் தரும்.

நான் உண்மையில் அஞ்சுவது வேறொன்றை. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரைக்குமானது. பதினோராம் வகுப்பில் முதற்பாடத்தை மாற்றிக்கொள்ளலாம். மதிப்பெண் எளிதில் விழும் என்றெண்ணித் தமிழை விட்டுவிட்டு வேறு மொழிக்குத் தாவும் பிள்ளைகள் பலர். மொத்தம் 600இல் அதற்கு 100தான். ஈராண்டில் மனப்பாடம் செய்த பிரெஞ்சு, தேர்வு முடிந்ததும் மறந்துபோகும். விட்ட தமிழ் எளிதில் திரும்பி வராது. மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலும் பிற மொழியிலிருந்து தம் தாய்மொழிக்கே பெயர்ப்பவர். அந்தத் தாய்மொழியே தடுமாறினால் பட்டம் எதற்கு? நம் முன்னோர் அரபு எழுத்தில் தமிழை எழுதிய அர்வி ஏடுகளை ஆராய நாளை அவள் முன்வந்தால், இரு மொழியும் கைவசம் இருக்க வேண்டுமே!

இன்னொன்று. "ஓதி முடித்துவிட்டாள், அரபி தெரியும்" என்று பெருமைப்படும் வீடுகள் உண்டு. எழுத்தும் உச்சரிப்பும் அவளுக்குப் பெரிய முதலீடு, ஐயமில்லை. ஆனால் பொருளறிந்து படிப்பதற்கான சொல்லிலக்கணமும் தொடரிலக்கணமும் இனிமேல்தான். பள்ளி விடுமுறையில் ஓர் ஆலிமாவிடம் அதைத் தொடங்கச் சொல்லுங்கள். ஆர்வம் எவ்வளவு தூரம் தாங்குகிறது என்பதும் தெரிந்துவிடும்.

வாப்பாவின் தயக்கம் பாடத்தைப் பற்றியதா, டில்லியின் தொலைவைப் பற்றியதா என்றும் மெல்லக் கேட்டுப் பாருங்கள். தொலைவுதான் காரணமெனில், இளங்கலையை ஊருக்கு அருகே முடித்து மேற்படிப்புக்குச் செல்லலாம். அரபி, பாரசீகம், உருதுவுக்கெனச் சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே தனித்துறை இருக்கிறது. பள்ளிச் சேர்க்கைக்குப் போகுமுன் இவ்வாண்டுக்கான நுழைவுத் தேர்வுக் கையேட்டை வாங்கி, மகளைவிட்டே வாப்பாவுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.